தேன்கூடா... முதல் விலங்கா?

விலங்கினத்தின் ஆரம்பத்தைத் தேடிப் பாறைகளைப் புரட்டும் விஞ்ஞானிகள்... பீம்பெட்கா சறுக்கலும் விந்திய மலை நடத்திய பாடமும்!

போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், காட்டுக்கு நடுவே மணற்பாறைக் குகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பீம்பெட்கா! ஆதிமனிதர்கள் தீட்டிய காட்டெருமைகளையும் வேட்டைக் காட்சிகளையும் பார்க்க உலகமே வந்து போகும் இடம். 2020 மார்ச்சில் அங்கே 'ஆடிட்டோரியம் குகை'க்குள் நுழைந்தவர்கள் நிலவியல் அறிஞர்கள். டெல்லியில் நடக்கவிருந்த 36-வது சர்வதேச நிலவியல் மாநாட்டை ஒட்டி ஏற்பாடான பயணம் அது. மாநாட்டைக் கொரோனா தள்ளிப்போட்டது. ஆனால், குகைக்கு வந்தவர்களின் கண்ணில் எதிர்பாராத ஒன்று பட்டது.

தரையிலிருந்து சுமார் 11 அடி உயரத்தில், பாறையோடு பாறையாக ஒட்டியபடி ஒரு வெளிறிய நீள்வட்டம். நடுவே ஒரு கோடு. அதன் இரு பக்கமும் இலை நரம்புகளைப் போலப் பிரிந்து ஓடும் வரிகள். நீளம் சுமார் 17 அங்குலம். சாதாரணப் பயணி பார்த்தால், 'இதுவும் ஒரு பழைய ஓவியம்' என்று கடந்து போயிருப்பார். பார்த்தவர்களில் ஒருவரோ அமெரிக்காவின் ஒரிகான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரிகோரி ரெட்டாலக். அவருக்கு அது 'டிக்கின்சோனியா'வாகத் தெரிந்தது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த, பூமியின் மிகப் பழைய விலங்குகளில் ஒன்று!

2021-ல் 'கோண்ட்வானா ரிசர்ச்' இதழில் கட்டுரை வெளியானது. 'இந்தியாவில் கிடைத்த முதல் டிக்கின்சோனியா' என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் நடப்பு நிகழ்வுகள் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள்.

கொண்டாட்டம் இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2022 டிசம்பரில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் மீர்ட், ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தின் மனோஜ் பண்டிட் உள்ளிட்டோர் அதே குகைக்குப் போனார்கள். '55 கோடி ஆண்டு விலங்கு' சுவரிலிருந்து உரிந்து விழுந்துகொண்டிருந்தது! பாறைக்குள் பதிந்த உருவம் இப்படி உரியாது. கிட்டே போய்ப் பார்த்தால் மெழுகு, தேனடை அறைகளின் சுவடு. அக்கம்பக்கத்திலேயே மலைத்தேனீக்களின் கூடுகள் வேறு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. காய்ந்துபோன தேன்கூட்டின் மிச்சம்தான் அது. ரெட்டாலக்கும் தவறு நடந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை இது. முதல் விலங்கைத் தேடும் வேலை எவ்வளவு வழுக்கலானது, ஒரு சறுக்கல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

45 கோடி ஆண்டு வித்தியாசம்!

பீம்பெட்கா குகைகள் விந்தியப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. அதன் மேலடுக்குகளின் வயது என்ன என்பது இந்திய நிலவியலில் நெடுநாள் வழக்கு. டிக்கின்சோனியா உண்மையாக இருந்திருந்தால், அந்த மணற்பாறைக்கு வயது 55 கோடி ஆண்டு. மீர்ட் குழுவினர் அதற்கு முன்பே வேறு வழியில் கணக்குப் போட்டிருந்தார்கள். பாறையில் கலந்திருக்கும் சிர்க்கான் என்ற கனிம மணிகளின் வயது, பாறையில் பதிவான பழைய காந்தத் திசை இரண்டையும் வைத்து அவர்கள் சொன்ன வயது, சுமார் 100 கோடி ஆண்டு. இந்தியாவின் வைரச் சுரங்கமான பன்னாவின் மஜ்காவன், விந்தியப் பாறையைத் துளைத்துக்கொண்டு வந்த எரிமலைக் குழாய். அதன் வயது சுமார் 107 கோடி ஆண்டு. அது துளைத்த பாறை அதைவிடப் பழையதாகத்தானே இருக்க முடியும்?

ஆக, ஒரு தேன்கூடு நாட்டின் நிலவியல் வரைபடத்தில் 45 கோடி ஆண்டுகளைக் கலைக்கப் பார்த்தது. அடுக்கின் வயது மாறினால், இந்தியத் துண்டு அந்தக் காலத்தில் எந்தக் கண்டத்தோடு ஒட்டியிருந்தது, எந்தக் கடலில் வண்டல் படிந்தது என்ற கணக்கெல்லாம் மாறும்.

டார்வினை உறுத்திய கேள்வி

1859-ல் டார்வின் தன் பரிணாமக் கொள்கையை வெளியிட்டபோதே அவரை ஒரு கேள்வி உறுத்தியது. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலப் பாறைகளில் டிரைலோபைட் போன்ற சிக்கலான விலங்குகள் திடீரென்று வந்து நிற்கின்றன. அதற்குக் கீழே உள்ள பாறைகளில் எதுவும் இல்லை. முன்னோர் இல்லாமல் வாரிசுகள் வந்தது எப்படி?

சுமார் 90 ஆண்டுகள் கழித்து விடையின் நுனி கிடைத்தது. 1946-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பார்வையிடப் போன அரசு நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக், மணற்பாறையில் ஜெல்லி மீன் போன்ற பதிவுகளைப் பார்த்தார். அவை கேம்பிரியனுக்கு முந்தையவை என்று நம்ப அப்போது ஆளில்லை. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் 1956-ல் டீனா நெகஸ் என்ற 15 வயதுப் பெண் பாறையில் இறகு போன்ற வடிவத்தைப் பார்த்து ஆசிரியையிடம் சொன்னாள். 'அந்தக் காலப் பாறையில் ஃபாசில் இருக்காது' என்று பதில் வந்தது. மறு வருடம் ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் அதையே பார்த்தார். விஷயம் நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டிடம் போய்ச் சேர்ந்தது. 1958-ல் அதற்கு 'சார்னியா' என்று பெயர் சூட்டினார் அவர். 'அந்தப் பாறையில் ஃபாசில் இருக்காது' என்ற பாடம் அத்தோடு காலாவதியானது. 2004-ல் 'எடியகாரன்' என்று ஒரு தனிக் காலகட்டமே புவியியல் நாட்காட்டியில் ஏறியது.

---
பெட்டிச் செய்தி 1: காலக்கோடு

• 454 கோடி ஆண்டுகளுக்கு முன்: பூமி உருவானது.
• 63.5 கோடி: பூமியை ஏறக்குறைய முழுவதும் மூடியிருந்த பனி உருகுகிறது. எடியகாரன் காலம் தொடங்குகிறது.
• 57.4 கோடி: கனடாவின் மிஸ்டேக்கன் பாயின்ட் பாறைகளில் பெரிய, சிக்கலான உடல்கள்.
• 55.8 கோடி: ரஷ்யாவின் வெண்கடல் கரையில் டிக்கின்சோனியா.
• 53.9 கோடி: கேம்பிரியன் காலம் தொடங்குகிறது.
• 51.8 கோடி: சீனாவின் செங்ஜியாங்கில் கண், கால், தாடை கொண்ட விலங்குகளின் கூட்டம்.
• 50.8 கோடி: கனடாவின் பர்ஜஸ் ஷேல். 1909-ல் சார்லஸ் வால்காட் கண்டெடுத்த புதையல்.
---

கயிற்றில் தொங்கி எடுத்த கொழுப்பு

டிக்கின்சோனியா ஒரு விலங்குதானா என்பதே 70 ஆண்டுகள் பஞ்சாயத்தாக இருந்தது. புழு என்றார்கள், ஜெல்லி என்றார்கள், ராட்சத ஒற்றைச் செல் உயிரி என்றார்கள். ரெட்டாலக்கே அதை விலங்கு என்று ஏற்றவர் இல்லை. தரையில் வளர்ந்த லைக்கன் (கற்பாசி) போன்ற உயிர் என்பது அவர் கட்சி. வாய் இல்லை, குடல் தெரியவில்லை, கால் இல்லை. வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது வேதியியல். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இல்யா போப்ரோவ்ஸ்கி, ரஷ்யாவின் வடக்கே வெண்கடல் கரைக்கு ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். கரடிகளும் கொசுக்களும் மண்டிக் கிடக்கும் இடம். புதைபடிவங்கள் இருந்தது 60 முதல் 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் நடுவில். கயிறு கட்டி விளிம்பில் தொங்கினார். மணற்பாறைக் கட்டிகளைப் பெயர்த்துக் கீழே தள்ளினார். இறங்கிவந்து அவற்றைக் கழுவிப் பார்த்தார். எதுவும் இல்லையென்றால் மறுபடி மேலே.

அப்படிக் கிடைத்த டிக்கின்சோனியாக்கள் சிலவற்றின் மேல் ஒரு மெல்லிய கரும்படலம் ஒட்டியிருந்தது. அந்த உயிரின் உடலில் மிஞ்சிய கரிமப் பொருள் அது. அதைப் பிரித்துப் பரிசோதித்தபோது, ஸ்டெராய்டு மூலக்கூறுகளில் 93 சதவிகிதம் வரை கொலஸ்ட்ரால் வகை. சுற்றியிருந்த பாறையில் அந்த அளவு சுமார் 11 சதவிகிதம்தான். அங்கே பெரும்பகுதி பச்சைப்பாசியின் கொழுப்பு. கொலஸ்ட்ரால் விலங்கு உடம்பின் கையெழுத்து. பூஞ்சைகளும் லைக்கன்களும் வேறு ஸ்டெராலை வைத்திருக்கும். 2018-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. டாக்டர் நமக்கு எழுதித்தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிற அதே கொலஸ்ட்ரால், 55.8 கோடி ஆண்டு வழக்கில் சாட்சி சொன்னது.

அதற்கு முந்தைய ஆண்டே அதன் வளர்ச்சி முறையை அளந்து பார்த்த பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள், 'விலங்கு' என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். அது மேய்ந்துவிட்டு நகர்ந்த இடங்களில் உடம்பு வடிவத்திலேயே மங்கலான தடங்கள் வரிசையாக இருப்பதையும் வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வடிவம், வேதியியல், தடம்... மூன்றும் ஒரே திசையைக் காட்டியபோதுதான் பஞ்சாயத்து முடிவுக்கு வந்தது. பீம்பெட்காவில் இருந்தது வடிவம் மட்டும்தான்.

---
பெட்டிச் செய்தி 2: டிக்கின்சோனியா ஜாதகம்

• பெயர் வைத்தவர்: ரெக் ஸ்ப்ரிக், 1947. தெற்கு ஆஸ்திரேலியச் சுரங்கத் துறை இயக்குநராக இருந்த பென் டிக்கின்சன் பெயரில்.
• அளவு: சில மில்லிமீட்டரில் இருந்து 1.4 மீட்டர் வரை. தடிமன் சில மில்லிமீட்டர்.
• சாப்பாடு: கடல்தரையைப் பாய் போல மூடியிருந்த நுண்ணுயிர்ப் படலம்.
• கிடைத்த இடங்கள்: ஆஸ்திரேலியா, ரஷ்யா, உக்ரைன், சீனா.
---

விந்திய மலையில் ஒரே ஆண்டில் இரண்டு வெடி

பீம்பெட்காவுக்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே விந்தியப் பாறைகள் உலகத்தை ஒரு உலுக்கு உலுக்கியிருக்கின்றன. 1998-ல் ஜெர்மனியின் அடால்ஃப் சைலாக்கர், இந்தியாவின் பிரதீப் போஸ் உள்ளிட்ட குழு, மத்தியப் பிரதேசத்தின் சோர்ஹட் மணற்பாறையில் புழு குடைந்த தடங்கள் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் எழுதியது. வயது 100 கோடி ஆண்டுக்கும் மேல் என்றது. கேம்பிரியனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பழைய புழு! அதே ஆண்டில் டேராடூன் வாடியா நிறுவனத்தின் ரஃபத் அஸ்மி, அதே விந்தியத் தொகுதியில், புழுப் பாறைக்கும் மேலே உள்ள அடுக்கில் கேம்பிரியன் காலச் சிறு ஓட்டு ஃபாசில்கள் கிடைத்ததாக அறிவித்தார். அவர் சொன்னது சரியென்றால் அந்தப் பாறைக்கு வயது சுமார் 54 கோடிதான். ஒரே மலை, ஒரே ஆண்டு, நேர் எதிர் முடிவுகள்.

அஸ்மிக்கு நேர்ந்தது கொடுமை. அவர் காட்டியவை ஃபாசிலே இல்லை என்றார்கள். மோசடி என்ற அளவுக்குப் பேச்சுப் போனது. 2002-ல் எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் வயதை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்தபோது, கீழ் விந்தியம் சுமார் 160 கோடி ஆண்டுப் பழையது என்று தெரிந்தது. அஸ்மியின் கணக்கு அடிபட்டது. சைலாக்கரின் 'புழு'வும் நம்ப முடியாத பழைமைக்குப் போய்விட்டது; நுண்ணுயிர்ப் படலம் சுருங்கி விரிசல் விட்டாலே அப்படித் தடங்கள் விழும் என்ற விளக்கம் வலுத்தது.

திருப்பம் 2009-ல் வந்தது. ஸ்வீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் தலைமையிலான குழு சித்ரகூடப் பகுதியில் புதிதாக மாதிரிகள் எடுத்து ஆராய்ந்து சொன்னது இதுதான்: அஸ்மி காட்டிய ஃபாசில்கள் உண்மையானவை, ஆனால், விலங்குகள் அல்ல, வயது 100 கோடி ஆண்டு கூடுதல். 2017-ல் அதே குழு, அவற்றில் சில இதுவரை தெரிந்த மிகப் பழைய சிவப்புப்பாசியாக இருக்கலாம் என்றது. ஒன்றுக்கு 'ரஃபதாஸ்மியா சித்ரகூடென்சிஸ்' என்று பெயர். மோசடிப் பேச்சுக்கு ஆளானவரின் பெயர் 160 கோடி ஆண்டுப் பழைய உயிருக்குச் சூட்டப்பட்டது.

விலங்கைத் தேடிப் போனார்கள், கிடைக்கவில்லை. ஆனால், சிக்கலான செல் கொண்ட உயிர்களின் வரலாறு பல கோடி ஆண்டு பின்னால் போனது. பாறை அங்கேயே இருந்ததால், வேறொருவர் திரும்பப் போய்ச் சரிபார்க்க முடிந்ததால் கிடைத்த லாபம் இது.

அரிசியளவு புழு... அதுதான் நம் வம்சமா?

மனிதன், மாடு, நண்டு, நத்தை எல்லோருக்கும் பொதுவான உடலமைப்பு ஒன்று உண்டு. முன், பின், இடம், வலம், ஒரு முனையில் வாய், இன்னொரு முனையில் கழிவு வழி. இந்த அமைப்பின் முதல் வாரிசு யார்?

தெற்கு ஆஸ்திரேலியாவின் நில்பீனாவில் இதற்கான தேடல் நடக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேரி ட்ரோசரும் குழுவினரும் அங்கே செய்வது விநோதமான வேலை. பழைய கடல்தரையின் மேல் புயல் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் இன்று பாறை. உயிர்களின் அச்சு அந்தப் பாறையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எனவே, பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, மல்லாத்திப் போட்டு, பழைய வரிசைப்படியே பொருத்தி வைக்கிறார்கள். சாய்ந்த வெளிச்சம் விழும்போது நிழலில் உருவங்கள் எழும்புகின்றன. எது எதன் பக்கத்தில் வாழ்ந்தது என்பதுவரை தெரிகிறது.

அங்கே மெல்லிய வளைகோடுகளாகப் புழுத்தடங்கள் இருப்பது முன்பே தெரியும். போட்டது யார் என்றுதான் தெரியவில்லை. தடங்களுக்கு அருகே இருந்த அரிசியளவுக் குழிகளை லேசர் ஸ்கேனரில் போட்டுப் பார்த்தபோது, ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும் உடல்கள் தெரிந்தன. நீளம் 2 முதல் 7 மி.மீ. தடத்தின் அகலத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. 2020-ல் அறிவிக்கப்பட்ட இதன் பெயர் 'இகாரியா'. சுமார் 55.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரை தேடி மணலுக்குள் நகர்ந்த ஜீவன்.

இதற்கு முந்தைய கிளைகளில் குழப்பம் தீரவில்லை. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா? குரோமோசோம்களில் மரபணுக்கள் கூட்டாக இருக்கும் முறையை ஒப்பிட்ட 2023-ம் ஆண்டு ஆய்வு, சீப்பு ஜெல்லிக்கு வாக்களித்தது. கனடாவில் 89 கோடி ஆண்டுப் பாறையில் கடற்பஞ்சு வலைப்பின்னல் இருப்பதாக எலிசபெத் டர்னர் 2021-ல் எழுதினார். உண்மையானால் விலங்கின் வயது கிடுகிடுவென்று ஏறும். ஆனால், அங்கேயும் கையில் இருப்பது வடிவம் மட்டும்தான். துறையினர் பலர் தலையாட்டத் தயாராக இல்லை.

முதல் பேரழிவும் அப்போதுதான்

தோன்றிய கொஞ்ச காலத்திலேயே விலங்குகள் முதல் அடியை வாங்கிவிட்டன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவரை இருந்த பேரினங்களில் 80 சதவிகிதம் காணாமல் போனதாக 2022-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தப்பியவற்றுக்கு ஓர் ஒற்றுமை. உடலின் கன அளவோடு ஒப்பிட்டால் அவற்றின் மேற்பரப்பு அதிகம். ஆக்ஸிஜன் குறைந்த நீரில் தோல் வழியே மூச்சு வாங்க அப்படிப்பட்ட உடல்தான் தாங்கும். எனவே, கடலில் ஆக்ஸிஜன் குறைந்ததுதான் காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கடல் சூடாகி ஆக்ஸிஜன் குறைந்துவரும் இந்தக் காலத்தில், இது பழங்கதை மட்டும் அல்ல.

---
பெட்டிச் செய்தி 3: 'விலங்குதான்' என்று முடிவுகட்ட ஐந்து கேள்விகள்

1. உருவம் பாறையோடு சேர்ந்து உருவானதா, பின்னால் வந்து ஒட்டியதா?
2. பாறையின் வயதைத் தனி வழியில் அளந்தாகிவிட்டதா?
3. சிறிதும் பெரிதுமாகப் பல மாதிரிகள் உண்டா? வளர்ச்சி தெரிகிறதா?
4. நகர்ந்த, மேய்ந்த தடம் உண்டா?
5. உடல் வேதிப்பொருள் எதுவும் மிஞ்சியிருக்கிறதா?
---

பாறைக்குக் காவல் உண்டா?

மறுபடி போய்ப் பார்க்கப் பாறை இருந்தால்தான் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். மற்ற நாடுகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. கனடாவின் மிஸ்டேக்கன் பாயின்ட் 2016-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஃபாசில் பாறையில் கால் வைக்கும் முன் காலணியைக் கழற்ற வேண்டும். சார்ன்வுட்டில் 2007-ல் பாறைமுகத்தைப் பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பர் அச்சு எடுத்தார்கள். அந்த அச்சை வைத்துத்தான் 2022-ல் 'ஆரோராலுமினா' என்ற 56 கோடி ஆண்டுப் பழைய, ஜெல்லி மீன் உறவுக்கார விலங்கு அடையாளம் காணப்பட்டது. நில்பீனா 2023-ல் தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மறுபக்கம் சீனாவின் வெங்கான். கருமுட்டை போன்ற நுண்ணிய ஃபாசில்களுக்குப் பெயர்போன அந்தப் பாறை, பாஸ்பேட் சுரங்கமும்கூட. சுரங்க வேலையால் ஃபாசில் அடுக்குகள் அழிவதாக 2017-ல் விஞ்ஞானிகள் அலறிய பிறகே நிர்வாகம் விழித்தது.

நம் ஊரில்? விந்தியச் சுண்ணாம்புக்கல்லை சத்னா, ரேவா பகுதிகளில் சிமென்ட் ஆலைகள் வெட்டிக்கொண்டிருக்கின்றன. முசூரியை ஒட்டிய இமயமலைப் பாஸ்பேட் பாறைகளில் உண்மையான ஆரம்பகாலக் கேம்பிரியன் ஓட்டு ஃபாசில்கள் இருக்கின்றன. அதுவும் சுரங்கம் தோண்டிய இடம்தான். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 30-க்கும் மேற்பட்ட இடங்களைப் புவிப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. நம் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால், பட்டியலில் இருப்பது வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு. 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரியத் தலங்களுக்கான மசோதா வரைவை வெளியிட்டது. 'எல்லா அதிகாரத்தையும் ஒரே நிறுவனத்திடம் குவிக்கிறது' என்று ஆராய்ச்சியாளர்களே எதிர்த்தார்கள். அந்தக் குறைகளைக் களைந்து, பல்கலைக்கழகங்களுக்கும் இடம் கொடுத்து அதைச் சட்டமாக்குவது அவசரத் தேவை.

பீம்பெட்காவில் தவறு வெளிப்பட்டதற்கு ஒரு காரணம், அது காவல் உள்ள இடம். அந்த உருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்குவாரியாக இருந்திருந்தால், 'இந்தியாவின் முதல் டிக்கின்சோனியா' இன்றும் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும், சரிபார்க்க வழியே இல்லாமல்.

வாசகர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் ஊர்க் குவாரியிலோ கிணறு வெட்டும் இடத்திலோ விநோதமான வடிவம் கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருகில் உள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். இடத்தைவிட்டுப் பெயர்ந்த கல்லுக்கு வீட்டு ஷோகேஸில் மதிப்பு இருக்கலாம், அறிவியலில் கிடையாது.